ஜாக்பாட் மீட்டர் ஏற ஏற விழுற சான்சும் ஏறுமா?

கேள்வி, 2026 ஜனவரி 3, இரவு 9.40

கோவா போயிட்டு வந்த எங்க ஆபீஸ் பசங்க ரெண்டு பேருக்குள்ள லஞ்ச் டயத்துல ஒரே சண்டை. ஸ்லாட் மெஷின் மேல ஜாக்பாட் தொகை ஓடிக்கிட்டே இருக்குமாமே, அது ரொம்ப நாள் விழாம பெரிசா ஏறியிருந்தா 'கனிஞ்சிருச்சு'ன்னு அர்த்தம், அப்போ தான் உட்காரணும்ங்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன், போடா, உள்ள ரூம்ல ஒருத்தன் ஸ்விட்ச் போட்டா தான் விழும்ங்கிறான். எது நிஜம்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜன 3, இரவு 11.20

ரெண்டு பேருமே தப்பு. முதல் ஆள் சொல்றதுல மட்டும் ஒரு ஓரத்துல விஷயம் இருக்கு, அதுக்குப் பின்னாடி வரேன்.

நான் கல்யாணத்துக்கு முன்னாடி க்ரூஸ் கப்பல்ல ஸ்லாட் டெக்னீஷியனா இருந்தவன், கரீபியன் ரூட். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சுட்டு அம்பத்தூர்ல பவர் சப்ளை போர்டு ரிப்பேர் பண்ணிட்டு இருந்தவனை ஏஜென்ட் ஒருத்தர் "எல்லாம் மெஷின் தானேப்பா"ன்னு சொல்லி கப்பல் ஏத்தி விட்டார். இப்போ பெரம்பூர்ல இன்வெர்ட்டர் சர்வீஸ். அதனால இது யூட்யூப் ஞானம் இல்லை, மெஷின் கதவைத் திறந்து கையில கிரீஸ் பட்ட ஞானம்.

உள்ள ஒரு சிப்பு நிக்காம ரேண்டம் நம்பர் போட்டுக்கிட்டே இருக்கும், ஆள் உட்கார்ந்திருந்தாலும் இல்லைன்னாலும். நீங்க பட்டனை அமுக்குற அந்த க்ஷணத்துல எந்த நம்பர் சிக்குதோ அது தான் ரிசல்ட். அதுக்கப்புறம் ரீல், அதாவது படம் ஒட்டின சக்கரம், சுத்துறது, இடதுல இருந்து ஒண்ணொண்ணா டக்கு டக்குனு நிக்கிறது, எல்லாமே ஏற்கனவே முடிவான ரிசல்ட்டைக் காட்டுற ஷோ. ஸ்விட்ச் போட ரூம்ல ஆள் வேணாம், கணக்கே கடைக்காரன் பக்கம் சாய்ஞ்சு இருக்கும்போது அவன் எதுக்குத் திருடணும்? லாஸ் வேகஸ் இருக்குற அமெரிக்க மாநிலம் நெவாடாவுல சட்டப்படி குறைஞ்சது 75 சதவீதம் திருப்பித் தர்ற மாதிரி மெஷின் இருக்கணும். மீதி இருக்குற கேப்பே ஒரு ராஜாங்கத்துக்குப் போதும்.

மீட்டர் ஏறுறது எப்படின்னா, ஒவ்வொரு பெட்லயும் ஒரு துளி, ஒரு சதவீதமோ அதுக்கும் கம்மியோ, அந்தப் பானைக்குப் போகும். அதாவது மேல மினுக்குற தொகை முன்னாடி தோத்துட்டுப் போனவங்க பணம் தான். தொகை ஏறும், சான்ஸ் அப்படியே நிக்கும். நேத்து விழலைங்கிறது அந்தச் சிப்புக்குத் தெரியவே தெரியாது.

ஜன 4, காலை 8.05

"சான்ஸ் சான்ஸ்ங்கிறீங்களே எவ்வளவு"ன்னு கேட்டவருக்கு. எல்லா மெஷினுக்கும் ஒரே நம்பர் கிடையாது, தெரிஞ்ச பெரிய ஆள் ஒண்ணை எடுத்துப்போம். மெகாபக்ஸ்னு ஒரு மெஷின், ஐஜிடி கம்பெனி 1986ல நெவாடாவுல கொண்டு வந்தது. வேற வேற கேசினோவுல இருக்குற மெஷினை எல்லாம் ஃபோன் லைன் மூலமா ஒரே மீட்டர்ல கோத்துட்டாங்க, அதனால தொகை ராக்கெட் மாதிரி ஏறும். 2003 மார்ச்ல லாஸ் வேகஸ் எக்ஸ்காலிபர் கேசினோவுல விழுந்தது 3 கோடியே 97 லட்சம் டாலர். அடிச்சது ஒரு 25 வயசு சாஃப்ட்வேர் இன்ஜினியர், போட்டது 100 டாலர் சுமார் (ஓஎம்ஆர் பசங்க கனவு காண ஆரம்பிக்காதீங்க, சொல்லிட்டேன்). அதையும் மொத்தமா கையில குடுக்கலை, 25 வருஷத் தவணை.

அந்த மெஷின்ல ஜாக்பாட் சான்ஸ் சுமாரா 5 கோடிக்கு ஒண்ணு. ஒரு ஸ்பின்னுக்கு 3 டாலர் போட்டா தான் ஜாக்பாட்டுக்கே தகுதி. அப்போ சராசரியா ஒரு ஜாக்பாட் விழுறதுக்குள்ள 15 கோடி டாலர் உள்ள போயிருக்கும். சின்னச் சின்னப் பரிசா கொஞ்சம் வெளிய வரும், மறுக்கலை. ஆனா ஃபோட்டோவுல பெரிய செக்கைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறவன் மட்டும் தான் நமக்குத் தெரியுறான்.

ஜன 4, மதியம் 3.30

இதை எழுதாம இருக்க முடியலை, கடையில கரன்ட் இல்லை (இன்வெர்ட்டர் கடையில கரன்ட் இல்லைன்னு சிரிக்காதீங்க, எல்லாம் சர்வீஸுக்கு வந்த செட்டு).

5 கோடிக்கு ஒண்ணுங்கிற சான்ஸை மூணு ரீல்ல எப்படிக் கொண்டு வர முடியும்? யோசிச்சுப் பாருங்க. 1890கள்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல சார்லஸ் ஃபேன்னு ஒரு மெக்கானிக் பண்ண லிபர்ட்டி பெல் மெஷின்ல மூணு ரீல், ரீலுக்கு 10 படம். பத்து பத்தா மூணு, மொத்தம் 1,000 விதமா தான் நிக்க முடியும். மூணு மணிப் படமும் வரிசையா நின்னா 50 சென்ட் பரிசு, அவ்வளவு தான். ஆயிரத்துல ஒண்ணு விழுற மெஷின்ல கோடி குடுத்தா முதலாளி அடுத்த வாரமே தெருவுக்கு வந்துடுவான். பெரிய பரிசு வெக்கணும்னா ரீலைப் பெரிசாக்கணும், இல்லை நாலு அஞ்சு ரீல் வெக்கணும். வெச்சா ஜனங்க உஷார் ஆயிடுறாங்க, "இதுல எங்க விழப்போகுது"ன்னு உட்கார மாட்டேங்கிறாங்க.

1984ல டெல்னெஸ்னு ஒருத்தர் அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினார். ரொம்ப சிம்பிள். கண்ணுக்குத் தெரியுற ரீல்ல 22 இடம் இருக்கட்டும், ஆனா முடிவு எடுக்குறது உள்ள சிப்புல இருக்குற இன்னொரு பெரிய ரீல், அதுல 64 இடம், 128 இடம், எவ்வளவு வேணும்னாலும். அந்த 64ஐ இந்த 22 மேல பங்கு போடுறாங்க. ஜாக்பாட் படத்துக்கு ஒரே ஒரு நம்பர், வெத்து இடத்துக்கு நாலு, அஞ்சு, ஆறு. பார்க்குறவனுக்கு உண்மையில இருக்குறதை விட சான்ஸ் ஜாஸ்தின்னு தெரியணும், ஆனா சட்டத்துக்கு உள்ளயும் இருக்கணும்ங்கிற அர்த்தத்துல அந்தப் பேட்டன்ட்லயே எழுதி வெச்சிருக்கார் மனுஷன். அதை ஐஜிடி வாங்கிப் போட்டுச்சு. மெகாபக்ஸ் மாதிரி ராட்சஸ ஜாக்பாட் எல்லாம் அதுக்கு அப்புறம் தான் மூணு ரீல்ல சாத்தியமாச்சு.

நான் பார்த்ததைச் சொல்றேன். ஒரு அமெரிக்கப் பாட்டி விளையாடிக்கிட்டு இருந்த மெஷின் ரீல் டில்ட் ஆகி நின்னுடுச்சு, மேல இருக்குற கேண்டில் லைட்டு மினுக்குது, நான் சாவியோட போனேன். "தொடாதே, இது சூடா இருக்கு, இப்போ தான் குடுக்கப்போகுது"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தொடாம எப்படி ரிப்பேர் பண்றது. கதவைத் திறந்தா உள்ள ஒண்ணும் பிரமாதம் கிடையாது, ஸ்டெப்பர் மோட்டார், அது மேல பிளாஸ்டிக் வட்டம், வட்டத்தைச் சுத்தி படம் அச்சடிச்ச ஒரு ஸ்ட்ரிப், பின்னாடி பல்பு, ரீல் எங்க நிக்குதுன்னு பார்க்க ஒரு சின்ன சென்சார். சென்சார்ல தூசி. ஊதித் துடைச்சுட்டு ரீலை விரலால மெதுவா சுத்திப் பார்த்தேன், படம், வெத்து, படம், வெத்துன்னு மாறி மாறி வரும், 11 படம் 11 வெத்து. பாட்டி குனிஞ்சு எண்ணிப் பார்த்துட்டு ரொம்ப சந்தோஷமா சொன்னாங்க, "22 தான் இருக்கு, அப்போ என் சான்ஸ் நல்லாத் தான் இருக்கு!"

எனக்கு அந்த மெஷினோட பார் ஷீட் பார்த்த ஞாபகம் இருக்கு. எந்த இடத்துக்கு எத்தனை நம்பர்னு எல்லாம் அதுல இருக்கும். நான் வாயைத் திறக்கலை, வேலை போயிடும். ரீசெட் சாவியைத் திருப்பிட்டு "குட் லக் மேடம்"னு சொல்லிட்டு வந்தேன்.

ஜன 4, இரவு 10.15

மேல ஒருத்தர், நான் "வெத்து இடத்துக்கு நாலஞ்சு நம்பர்"னு சொன்னதுல ஒரு விஷயத்தைக் கரெக்டா பிடிச்சுட்டார், எந்த வெத்துன்னு கேட்டிருக்கார். சபாஷ். அங்க தான் சூட்சுமமே. ஜாக்பாட் படத்துக்கு நேர் மேல ஒரு வெத்து, நேர் கீழ ஒரு வெத்து. இந்த ரெண்டுக்கும் தலா அஞ்சு நம்பர் குடுத்ததா ஒரு பேச்சுக்கு வெச்சுப்போம். 64ல 1 தடவை படம் நடுவுல இருக்குற பரிசுக் கோட்டுல நிக்கும், 10 தடவை கோட்டுக்கு ஒரு இன்ச் மேலயோ கீழயோ நிக்கும். கண்ணாடி வழியா மூணு வரிசையும் தெரியும்ல, அப்போ பத்து மடங்கு "அய்யய்யோ ஜஸ்ட் மிஸ்ஸு".

ஜன 5, காலை 7.50

இல்லை சார், "ஜஸ்ட் மிஸ் காட்டுறது அமெரிக்காவுல தடை"ங்கிறது பாதி கதை. 1980கள் கடைசியில யுனிவர்சல்னு ஒரு ஜப்பான் கம்பெனி மெஷின் நெவாடாவுல செம்மையா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவங்க பண்ணது, முதல்ல சிப்பு ஜெயிப்பா தோல்வியான்னு முடிவு பண்ணிடும், தோல்வின்னா அதை எப்படிக் காட்டுறதுன்னு தனியா இன்னொரு ப்ரோக்ராம், அது வேணும்னே அந்தப் பரிசுக் கோட்டுலயே ஜாக்பாட்டுக்கு ஒண்ணு குறைச்சலா காட்டும். நெவாடா கேமிங் கமிஷன் இதை ஒத்துக்க முடியாதுன்னு 1989ல தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா டெல்னெஸ் வழியில கோட்டுக்கு மேலயும் கீழயும் வர்ற ஜஸ்ட் மிஸ்ஸை ஒண்ணும் பண்ணலை, ஏன்னா அது ரேண்டம் நம்பர்ல இருந்தே நேரா வருது, காட்டும்போது எதுவும் மாத்தலைங்கிறது வாதம். முன் வாசலை மூடிட்டு பின் வாசலைத் திறந்து விட்ட கதை தான். வக்கீல்கள் யாராவது இருந்தா இன்னும் நல்லா சொல்வாங்க.

ஜன 6, இரவு 11.40

ஜஸ்ட் மிஸ் மனுஷனை என்ன பண்ணும்னு கேம்பிரிட்ஜ்ல லூக் க்ளார்க்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க, 2009ல வெளிவந்துச்சு. விளையாடினவங்க ஜஸ்ட் மிஸ் ஆனா முழுத் தோல்வியை விடக் கடுப்பா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா அதே வாய் இன்னொரு தடவை ஆடணும் போல இருக்குன்னும் சொல்லுது. ஜெயிக்கிறப்ப மூளையில எந்த இடம் எரியுமோ அதுவே தான் அப்பவும் எரியுது. இன்னொண்ணு, படத்தைத் தானே தேர்ந்தெடுத்தவனுக்கு மட்டும் தான் இந்த ஆசை கூடுச்சு, கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்துக் குடுத்தவனுக்கு இல்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு அக்கா பையன் ஞாபகம். வேளச்சேரி பக்கம் ஒரு மால்ல கேம் ஜோன், வட்டமா லைட்டு ஓடும், நடுவுல இருக்குற பட்டனைக் கரெக்டா அமுக்கி ஜாக்பாட் கட்டத்துல நிறுத்தினா 500 டிக்கெட். ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டம் முன்னாடி இல்லை ஒரு கட்டம் பின்னாடி. "மாமா, இப்போ டைமிங் பிடிபட்டுடுச்சு, இன்னும் ஒரே ஒரு ஸ்வைப்"னு கார்டை நீட்டுறான். அந்த மாதிரி மெஷின் நிறைய மாடல்ல பெரிய பரிசு எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை தரணும்னு உள்ள ஒரு செட்டிங் இருக்கும், பொம்மை தூக்குற கொக்கி மெஷின்லயும் அப்படித் தான், கொக்கியோட பிடியை ஏத்தலாம் இறக்கலாம். அவன்கிட்ட சொன்னேன், நம்பலை. "உனக்கு டைமிங் தெரியலை மாமா"ன்னுட்டான். எட்டு வயசு. கடைசியில கிடைச்ச டிக்கெட்டை எல்லாம் சேர்த்து ஒரு பென்சில், ஒரு ரப்பர் வாங்கினான். அதை வெச்சு ஹோம்வொர்க்கும் எழுதலை.

ஜன 8, காலை 6.30

தூக்கம் வரலை, ரெண்டு நாளா மண்டையில ஓடிக்கிட்டு இருக்கு. ஜாக்பாட் ஜாக்பாட்னே பேசிட்டு இருக்கோம், கப்பல்ல நான் பார்த்த வரைக்கும் ஆளை நாற்காலியில ராத்திரி முழுக்க உட்கார வெக்கிறது ஜாக்பாட்டே கிடையாது. ஜாக்பாட் தீவுத்திடல் பொருட்காட்சியில வளையம் போடுற கடையில உச்சியில கட்டி வெச்சிருக்குற பெரிய டெடி பொம்மை மாதிரி, ஆளைக் கிட்ட கூப்பிடும். கிட்ட வந்தவனை நிறுத்தி வெக்கிறது கீழ இருக்குற சோப்பும் சீப்பும்.

இப்போ வர்ற மெஷின்ல மூணு ரீல் ஒரு கோடு எல்லாம் போயே போச்சு. ஸ்கிரீன்ல 20 கோடு, 50 கோடு. கோட்டுக்கு ஒரு சென்ட், 20 கோடு, ஆக 20 சென்ட் பெட். பட்டனைத் தட்டினா எங்கயோ ஒரு கோட்டுல 8 சென்ட் விழும். மணி அடிக்கும், காசு கொட்டுற சத்தம், ஸ்கிரீன்ல பட்டாசு. 20 போட்டு 8 வந்தா 12 நஷ்டம், அதுக்குத் தான் அத்தனை கொண்டாட்டம். கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டியில கையில சென்சார் கட்டி வேர்வையை அளந்து பார்த்தாங்க, 2010ல வந்த ஆராய்ச்சி, நிஜமா ஜெயிக்கிறப்ப உடம்பு எப்படித் துள்ளுதோ கிட்டத்தட்ட அதே துள்ளல் இந்தப் பொய் ஜெயிப்புக்கும் வருதாம். உடம்புக்குக் கணக்குத் தெரியலை, சத்தம் தான் தெரியுது.

ஒருத்தர்கிட்ட நைட் ஷிஃப்ட்ல பேசிட்டு இருந்தேன், ரிட்டயர்டு ஆளு, தினமும் அதே மெஷின், அதே நாற்காலி. "ஜாக்பாட் விழுந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டேன். யோசிச்சுட்டு "இங்கயே உட்கார்ந்து ஆடுவேன்"னார். ஜோக் அடிக்கிறார்னு நினைச்சேன். நதாஷா டவ் ஷுல்னு ஒரு மானுடவியல் அம்மா லாஸ் வேகஸ்ல வருஷக்கணக்கா இந்த ஆட்கள்கிட்ட பேசினவங்க, முத்திப்போனவங்க ஜெயிக்க ஆடுறதில்லை, அந்த மயக்கத்துலயே இருக்க ஆடுறாங்கன்னு சொல்றாங்க. அப்போ பெரியவர் நிஜத்தைத் தான் சொல்லியிருக்கார்.

ஜன 8, மதியம் 1.10

ஆமாங்க, கழுதைக்கு முன்னாடி கேரட்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாம், நான் ஒத்துக்கறேன். ஆனா கழுதைக்குக் கேரட் காசு குடுக்குறது யாருன்னு தெரியாது. நம்ம ஆளுக்குத் தெரிஞ்சும் ஓடுறான்.

ஜன 10, இரவு 9.00

லாட்டரிக்குத் தாவிட்டாங்க எல்லாரும், நானும் தாவுறேன். "விழுந்தா வீட்டுக்கு, விழலைன்னா நாட்டுக்கு"ன்னு அண்ணா காலத்துல ஆரம்பிச்ச பரிசுச்சீட்டு, 2003 ஜனவரியில தமிழ்நாட்டுல எல்லா லாட்டரியையும் ஜெயலலிதா அரசு தடை பண்ற வரைக்கும் சென்ட்ரல், பாரிஸ் பக்கம் மைக் வெச்சு வித்த காலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க பெரியப்பா காலையில பேப்பர்ல ரிசல்ட் பார்க்குறப்போ வீட்ல யாரும் பேசக்கூடாது. "கடைசி நம்பர் ஒண்ணு தள்ளிப் போச்சுடா"ன்னு பெருமையா சொல்வார், என்னமோ 35 மார்க்குக்கு 34 எடுத்த மாதிரி. லாட்டரியில ஒண்ணு தள்ளினாலும் ஒன்பது லட்சம் தள்ளினாலும் ஒண்ணு தானே, ஆனா அடுத்த சீட்டை விக்கிறது அந்த "ஒண்ணு தள்ளி" தான்.

கேரளா லாட்டரி 1967ல இருந்து இன்னும் ஓடுது. அதுல முதல் பரிசு நம்பரே வேற சீரிஸ்ல வெச்சிருக்குறவங்களுக்கு ஆறுதல் பரிசு உண்டு. எவ்வளவு அழகான டிசைன் பாருங்க, ஜஸ்ட் மிஸ்ஸுக்கு காசே குடுக்குறாங்க. கிண்டி ரேஸ்லயும் ஜாக்பாட்னே ஒரு பெட் உண்டு, வரிசையா அஞ்சு ரேஸ்ல ஜெயிக்கிற குதிரையைச் சொல்லணும், யாரும் அடிக்கலைன்னா பானை அடுத்த நாளைக்கு கேரி ஓவர், அன்னைக்குக் கூட்டம் அலைமோதும். ரேஸ் திறமை ஆட்டம், சூதாட்டம் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே 1996ல சொல்லிடுச்சு, அதனால குதிரைக்காரங்க என் மேல பாய வேணாம். நான் பேசுறது கேரி ஓவரைப் பத்தி மட்டும்.

பேமென்ட் ஆப்ல ஸ்க்ராட்ச் கார்டு நம்ம ஊருக்கு ஏன் இல்லைன்னு கேட்டவருக்கு, போட்டி விளம்பரத்துல எல்லாம் கீழ பொடி எழுத்துல "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது"ன்னு போடுறது 1979ல வந்த பரிசுத் திட்டத் தடைச் சட்டத்தால. நம்ம ஊர் மேல கம்பெனிக்கு விரோதம்னு என் மச்சான் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தான்.

ஜன 11, காலை 10.20

முதல்ல சொன்ன அந்த "ஓரத்துல இருக்குற விஷயம்". மறக்கலை.

ஒரு ரகம் ஜாக்பாட் இருக்கு, இந்தத் தொகைக்குள்ள கண்டிப்பா விழும்னு மெஷின் மேலயே எழுதியிருக்கும். உதாரணமா 500 டாலருக்குள்ள விழும்னு. ஒவ்வொரு தடவை விழுந்ததும் சிப்பு 250க்கும் 500க்கும் நடுவுல ரகசியமா ஒரு தொகையை எடுத்து வெச்சுக்கும், மீட்டர் அதைத் தொட்டதும் அப்போ பெட் போட்டவனுக்குக் குடுத்துடும். இதுல மட்டும் மீட்டர் ஏற ஏற சான்ஸ் நிஜமாவே ஏறும். உங்க ஆபீஸ் பையன் இந்த ரகத்தைப் பார்த்திருந்தா அவன் சொன்னதுல தப்பில்லை.

ஆனா எவ்வளவு ஏறணும்? பெட்ல அரை சதவீதம் மீட்டருக்குப் போகுது, மெஷின் சராசரியா 10 சதவீதம் தின்னுதுன்னு வெச்சுப்போம். மீட்டர் 495ல நிக்குது, பாக்கி 5 டாலர், அதை ஏத்த அதிகபட்சம் 1,000 டாலர் பெட் போடணும், அதுல போறது சுமார் 100 டாலர், வர்றது 495க்கு மேல. லாபம். இதுக்குன்னே மீட்டரைப் பார்த்துக்கிட்டு பூனை மாதிரி சுத்துற ஆட்கள் உண்டு, கப்பல்லயும் பார்த்திருக்கேன், சாப்பிடக்கூடப் போக மாட்டான். இப்போ மீட்டர் 400. பாக்கி 100 டாலர், அதிகபட்சம் 20,000 டாலர் பெட், சராசரியா பாதியில விழுதுன்னாலும் 10,000, போறது 1,000, வர்றது 450. நஷ்டம். ஜனங்க "கனிஞ்சிருச்சு"ன்னு உட்கார ஆரம்பிக்கிறது இந்த 400ல தான். மீட்டரை 495 வரைக்கும் தள்ளி விடுறது அவங்க, எடுத்துட்டுப் போறது பூனை.

சாதா ஜாக்பாட்லயும் தொகை பெரிசானா ஒரு ஸ்பின்னோட மதிப்பு கூடும், வாஸ்தவம். சான்ஸ் கூடாது. 5 கோடிக்கு ஒண்ணுல மதிப்பு கூடி நமக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்லை.

ஜன 11, இரவு 8.45

ஜாக்பாட் விழுந்தப்புறம் என்ன ஆகும்னு யாரோ கேட்டாங்க. நம்ம கப்பல்ல அப்போ 1,200 டாலரும் அதுக்கு மேலயும் விழுந்தா அமெரிக்க வரிக் கணக்குக்காக மெஷின் லாக் ஆயிடும், ஹேண்ட் பேன்னு சொல்வோம். அட்டென்டன்ட் வரணும், பாஸ்போர்ட் பார்க்கணும், ஃபார்ம் எழுதணும், காசை எண்ணிக் கையில குடுக்கணும், நான் சாவி போட்டு ரீசெட் பண்ணணும். இதுக்குப் பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகும். ஜெயிச்சவங்க அந்த நேரம் ஃபோட்டோ எடுப்பாங்க, வீட்டுக்குப் போன் பண்ணுவாங்கன்னு தானே நினைப்போம்? முக்கால்வாசிப் பேர் பக்கத்து மெஷின்ல நோட்டைச் சொருகி ஆட ஆரம்பிச்சுடுவாங்க. காசு குடுக்கப் போனா தலையைத் திருப்பாம கையை மட்டும் நீட்டுவாங்க. மேனேஜருக்கு ஒரே கவலை, லாக் ஆன மெஷின் சும்மா நிக்குதேன்னு, வாக்கி டாக்கியில என்னைத் திட்டிக்கிட்டே இருப்பார்.

ஜன 13, இரவு 10.30

போகிக்கு முந்தின நாள், வேலை ஜாஸ்தி, சுருக்கமா. "அப்போ கவர்மென்ட் என்ன தான் பண்ண முடியும், தடையைத் தவிர"ன்னு கேட்டதுக்கு.

நார்வே 2007ல மெஷினை மொத்தமாத் தூக்கிடுச்சு. இங்கிலாந்துல கடைத்தெரு பெட்டிங் கடையில இருந்த மெஷின்ல 20 விநாடிக்கு ஒரு தடவை 100 பவுண்ட் வரைக்கும் போடலாம்னு இருந்ததை 2019 ஏப்ரல்ல 2 பவுண்டா வெட்டினாங்க. எனக்கு அதை விடப் பிடிச்சது 2021 அக்டோபர்ல ஆன்லைன் ஸ்லாட்டுக்குக் கொண்டு வந்தது. ஒரு ஸ்பின் 2.5 விநாடிக்குக் கம்மியா ஓடக்கூடாது, தானா ஓடுற ஆட்டோ ப்ளே கூடாது, போட்டதை விடக் கம்மியா வந்தா மணி அடிச்சுக் கொண்டாடக்கூடாது. அந்த 8 சென்ட் பட்டாசு நேரா காலி. மெஷினைப் பத்தித் தெரிஞ்ச யாரோ பக்கத்துல உட்கார்ந்து எழுதின ரூல் அது.

நம்ம ஊர்ல ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022 சட்டம், அதை கவர்னர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்து, நவம்பர்ல ஹைகோர்ட் ரம்மி போக்கர் மட்டும் திறமை ஆட்டம்னு பிரிச்சு விட்டு, கடைசியா 2025 ஆகஸ்ட்டுல பார்லிமென்ட்டே காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் தடை பண்ணிடுச்சு. கோவா கேசினோ தனி, அவங்க மாநிலச் சட்டத்துல 1992லயே ஃபைவ் ஸ்டார் ஓட்டல் ஸ்லாட் மெஷினுக்கு வழி விட்டாச்சு.

வேகம் முக்கியம்னு ஏன் சொல்றேன்னா, 6 விநாடிக்கு ஒரு ஸ்பின்னுன்னா மணிக்கு 600. 20 சென்ட் தானேன்னு தட்டினா மணிக்கு 120 டாலர் பெட். பெரியப்பாவுக்கு வாரம் ஒரு ரிசல்ட், இவங்களுக்கு மணிக்கு 600 ரிசல்ட். பெரியப்பா பத்து வருஷம் வாங்கின ஏமாத்தத்தை ஒருத்தன் மேட்னி ஷோ முடியிறதுக்குள்ள வாங்கிடலாம்.

ஜன 16, காலை 11.15

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கார், அந்த "கனிஞ்சிருச்சு" நண்பர் இதை முழுக்கப் படிச்சுட்டு "ரீல் ஓடும்போது ஸ்டாப் பட்டனை நானே அமுக்கி நிறுத்தினா?"ன்னு கேட்கிறாராம். ரிசல்ட் முதல் பட்டன்லயே முடிஞ்சு போச்சு, ஸ்டாப் அமுக்கினா ஷோ சீக்கிரம் முடியும், அடுத்த பெட் சீக்கிரம் போடலாம், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. இங்கிலாந்துல ஆன்லைன்ல அந்த ஸ்டாப்பையும் சேர்த்தே எடுத்துட்டாங்க. எங்க கப்பல்ல இருந்த வீடியோ மெஷின்ல அது இருந்துச்சு. சர்வீஸ்ல நான் அதிகமா மாத்தின பட்டன் சுவிட்சு அது தான், அத்தனை குத்து குத்துவாங்க.